ஆவாரம்பட்டையும் குரோமியமும்

ஆம்பூர்னா உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். எனக்கு பாலாறுதான்!

ஒரு காலத்துல ஆவாரம்பட்டையில வாரக்கணக்கா ஊறவெச்சு தோல் பதனிட்டாங்க. 1970களில் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. பச்சைத் தோலாவோ பாதி பதனிட்டோ அனுப்பாதீங்க, முழுசா முடிச்சு, ஷூவாவே அனுப்புங்கன்னு. டாலர் கணக்குக்கு சரிதான். ஆனா அதுக்கு வேகம் வேணுமே? குரோமியம் ஒரு நாளில் வேலையை முடிச்சிடும். சின்னச் சின்ன டேனரிகள் அதுக்கு மாறின. கழிவை சுத்திகரிக்க இடமும் இல்லை, காசும் இல்லை. எல்லாம் பாலாத்துக்கே!

1996 ஆகஸ்ட் 28-ல் வந்த வேலூர் வழக்குத் தீர்ப்பில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாவோ பாழ்னு உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும்னும் சொன்னது. (சட்ட மாணவர்கள் இன்னிக்கும் இதைப் படிக்கிறாங்க.)

தீர்வுன்னு நம்பினது பொது சுத்திகரிப்பு நிலையங்களை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் அப்படி ஒரு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து டேனரியில் தூங்கிட்டிருந்தவங்க உட்பட 10 பேர் செத்தாங்க. பெரும்பாலும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவங்க.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே பாலாறு, அதே இழப்பீடு பத்தி உத்தரவு போட்டிருக்கு. முதல் தீர்ப்பு வந்தப்போ நான் பொறக்கவே இல்லைங்க..