நான்ஸன் பாஸ்போர்ட்

நான்ஸன் பாஸ்போர்ட் என்பது முதல் உலக யுத்தத்துக்குப் பின் நாடிழந்து நின்ற அகதிகள் எல்லை கடப்பதற்காக, சர்வதேச சங்கத்தின் முயற்சியால் 1922-இல் ஏற்பட்ட அத்தாட்சிப் பத்திரமாகும்.

1914-க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான எல்லைகளைப் பாஸ்போர்ட் இன்றியே கடக்க முடிந்தது. யுத்த காலத்தில் ஒற்றர்களுக்கு அஞ்சித் தாற்காலிகமாகப் புகுத்திய சோதனையோ, சமாதானம் வந்த பின்னும் நீங்கவில்லை. புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் தப்பிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரஷ்ய ஜனங்கள் வெளியேறியது இந்தச் சமயத்திலேதான். 1920 நவம்பரில் மட்டும், புரட்சியை எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் ராங்கெலின் படையினரும் அவர்களைச் சார்ந்தோருமாகச் சுமார் ஒன்றரை லட்சம் பேர் கிரிமியாவில் கப்பலேறிக் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தனர். அவர்களைப் போஷிக்க அந்நகரத்துக்குச் சக்தியில்லை. பத்திரமில்லாதவரை ஏற்கப் பிற நாடுகளுக்கு மனமில்லை. 1921 டிசம்பரில் சோவியத் சர்க்கார் இவர்களில் பெரும்பாலாருடைய பிரஜா உரிமையை ரத்துச் செய்யவே, ஜார் காலத்துப் பத்திரங்களும் வெறுங் காகிதங்களாயின.

வட துருவ யாத்திரையால் கீர்த்தி பெற்ற நார்வே தேசத்து பிரிட்யோப் நான்ஸன், 1921-இல் அகதிகளுக்கான ஹை கமிஷனராக நியமனம் பெற்று, மறு ஆண்டு ஜூலையில் ஜினீவாவில் கூடிய மகாநாட்டில் இந்தப் பத்திரத்துக்குப் பல சர்க்கார்களின் சம்மதத்தைப் பெற்றார். நாளடைவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இதை அங்கீகரித்தன. 1924-இல் ஆர்மீனியருக்கும், 1928-இல் அஸ்ஸீரியர் முதலியோருக்கும் இது விரிந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி, ஷகால் போன்ற கலைஞர்களை இதன் உரிமையாளராகக் குறிப்பிடுவது வழக்கம்; ஆயினும், வேலை தேடி பிரான்சின் தொழிற்சாலை வாயில்களில் காத்து நின்ற பெயரறியாத தொழிலாளிகளுக்கே இது ஜீவாதாரமாக இருந்தது.

ஆனால் பத்திரத்திலேயே ஒரு பெருங்குறை இருந்தது. ஓராண்டுக்கு மேற்படாமல் செல்லத்தக்க அந்தத் தாள், வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைத் தரவில்லை. உள்ளே விட்டவனைப் பிறகு எங்கே அனுப்புவது என்று அஞ்சிய எல்லை அதிகாரி, பத்திரத்தைப் பார்த்த பின்னும் வழிவிடத் தயங்கினான். 1926-இல் கூடிய மகாநாடு மறுநுழைவு விசா வழங்குமாறு சிபாரிசு செய்ததோடு, ஐந்து பொன் பிராங்க் மதிப்புள்ள முத்திரைத் தலையொன்றையும் ஏற்படுத்தி, அதன் வருமானத்தை அகதிகளின் நலத்துக்கு ஒதுக்கியது. ஏழைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது.

நான்ஸன் 1930-இல் காலமானார். அகதியை எல்லையில் திருப்பியனுப்பலாகாது என்று 1933-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை முதன்முறையாக விதித்தபோது அதை உறுதி செய்தவை எட்டு நாடுகளே. அவற்றிலும் பிரிட்டன் அந்த ஷரத்துக்கு ஆட்சேபம் தெரிவித்தது. 1951-ஆம் ஆண்டின் ஜினீவா உடன்படிக்கை அத்தடையை 33-ஆம் ஷரத்தாக மீண்டும் நிறுவிற்று. அதன்கீழ் ஏற்பட்ட புதிய பிரயாணப் பத்திரத்தை வழங்கும் நாடு, அது செல்லுபடியாகும் காலத்தில் அகதி எப்போது திரும்பினாலும் ஏற்றே தீரவேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையின் அனுபந்தத்தில் எழுதப்பட்டது.