ஆண்கள் காணாமல் போன நகரம்

ஹார்லி க்வின் 1992இல் ஜோக்கரின் கையாளாகத்தான் தொலைக்காட்சிக்கு வந்தாள். அவன் அவமதிப்பான், அவள் மறுபடியும் அவனிடமே போவாள். அதைப் பலரும் நகைச்சுவையாகவே பார்த்தார்கள். 2000இல் வார்னர் பிரதர்ஸ் இணையத்துக்கென வெளியிட்ட 'காத்தம் கேர்ள்ஸ்' ஃப்ளாஷ் அசைபடத் தொடரில் நடுவிடம் ஜோக்கருக்கும் இல்லை, பேட்மேனுக்கும் இல்லை. ஹார்லியும் பாய்சன் ஐவியும் கூட்டாகத் திருடுகிறார்கள், தங்களுக்குள் முட்டிக்கொள்கிறார்கள், பேட்கேர்ள் துரத்துகிறாள். எல்லாம் சில நிமிடத் துணுக்குகள். டயல்-அப் காலத்தில் அதற்குமேல் யார் காத்திருப்பது?

மூன்றாம் பருவத்தில் நகரத்து ஆண்கள் அனைவரும் மறைந்துபோகிறார்கள். 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழில் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைத்து நாட்டை ஆள்கிறார்கள். காத்தமிலோ பெண்களின் முதல் வேலை, ஆண்கள் எங்கே போனார்கள் என்று துப்பறிவது.