வெண்மீனும் சிறுமீனும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மேற்கு அடிவானம் என்பது மலைதான். வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் ஆண்டாள் சேர்த்துப் பாடிய திருப்பாவை 13ஆம் பாசுரம் இந்த மண்ணில் பிறந்தது. அந்தக் குறிப்பைக் கொண்டு கணக்கிட்ட மு. இராகவையங்கார், ஆண்டாள் பாடிய ஆண்டு கி.பி. 731 என்றார். ஞாயிறும் திங்களும் நீங்கலாக, வானில் பெரும்பாலும் ஒளி மிகுந்தவை இவ்விரண்டுமே.

'வெள்' என்னும் அடிக்கு வெண்மை, ஒளி என்று பொருள். கிழக்கு வெளுத்தது என்கிறோம். உலோகமும் கோளும் அந்த வெண்மையாலேயே வெள்ளி ஆயின. பின்னர் அச்சொல் விண்மீனுக்கே பொதுப்பெயராக விரிந்தது. எரிவெள்ளியும், ஈழத்தார் சொல்லும் வால்வெள்ளியும் அப்படி வந்தவை.

சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையின் தொடக்கத்தில் வெள்ளிக் கோளை வெண்மீன் என்கிறார். அவரே பெரும்பாணாற்றுப்படையில் அருந்ததியைச் சிறுமீன் என்கிறார். மணமேடையிலிருந்து காட்டும் அருந்ததி, வசிட்டன் என்னும் விண்மீனை ஒட்டி மங்கலாகத் தெரிவது. கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். அந்த மங்கலைச் 'சிறு' என்ற அடைமொழி சொல்லிவிடுகிறது.

ஒளியை உருவ அளவாகக் கண்டது தமிழ் மட்டுமல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை ஆறு தரமாகப் பட்டியலிட்ட தாலமி, தரத்துக்கு வைத்த கிரேக்கச் சொல்லுக்கும் 'பருமை' என்றே பொருள். முதல் தரம் மிகப் பிரகாசம். ஆறாம் தரம் கண்ணுக்கு எட்டும் எல்லை. 10ஆம் நூற்றாண்டில் பாரசீகத்து அல்-சூஃபி வானத்தைத் தாமே பார்த்து அந்தத் தரங்களைத் திருத்தினார்.

கண்மதிப்பாக இருந்த தரத்தைக் கணக்காக்கியவர் நார்மன் போக்சன். ஐந்து தரம் என்றால் 100 மடங்கு ஒளி, ஒரு தரத்துக்குச் சுமார் 2.512 மடங்கு என்று 1856இல் வரையறுத்தார். 1861இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்து, 1891இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தார்.

ஒளி கூடக் கூட எண் குறைந்து சுழிக்கும் கீழே செல்லும் போக்சன் அளவில் வெள்ளி ஏறத்தாழ −4, அருந்ததி +4. எட்டுத் தர இடைவெளி என்றால் ஒளியில் 1,500 மடங்குக்கு மேல் வேறுபாடு. இந்த இடைவெளியின் இரு முனைகளுக்கும் உருத்திரங்கண்ணனார் ஒருவரே பெயர் தந்திருக்கிறார். விண்மீன் ஒளியைப் பள்ளியில் கற்பிக்கும்போது எண்களுக்கு முன்னால் இவ்விரு பெயர்களையும் சொல்லித் தொடங்க வேண்டும். வானத்தை அளந்து பார்க்கும் கண் நம் மொழிக்கு எப்போதோ வாய்த்துவிட்டது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.