குளுவாங் திடலும் குடிபெயர்ந்த சிறு விமானங்களும்

பறப்பது விமானத்தின் இயல்பு. எனினும் அதன் வாழ்வு தரையிலேதான் தொடங்கித் தரையிலேதான் முடிகின்றது. இறங்குவதற்கு ஒரு திடல், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு கொட்டகை, ஊற்றுவதற்கு எண்ணெய், பழுது பார்க்கக் கைதேர்ந்த சில தொழிலாளர் ஆகிய இந்நான்கும் இல்லையேல், எத்துணைச் சிறந்த விமானமும் வெறும் மரமும் துணியுமே ஆகும். இவ்வுண்மையை நம் நாட்டு மக்கள் கண்ணாரக் கண்ட காலம், 1941 டிசம்பர் 8ஆம் நாள் முதல் 1942 ஜனவரி 31ஆம் நாள் வரையிலான எட்டு வாரங்களாகும். அவர்கள் அதனைக் கண்ட களங்களுள் முதன்மையானது ஜோகூர்.

போருக்கு முற்பட்ட மலாயாவில் பறத்தல் பெரும்பாலும் செல்வர்தம் பொழுதுபோக்காகவே இருந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய நகரங்களில் பறக்கும் கழகங்கள் தோன்றின. அக்கழகங்களுக்கு ஏற்றவையாக அமைந்தவை, இங்கிலாந்தின் டி ஹாவிலாந்து நிறுவனம் செய்த 'மோத்' இனச் சிறு விமானங்கள். 1925இல் முதன்முதலாகப் பறந்த மோத் விமானத்தின் இறக்கைகளைப் பின்னோக்கி மடக்கலாம். மடக்கிய பின் சிறியதொரு கொட்டகையிலும் அதனை நிறுத்தலாம். 1931இல் அவ்வரிசையில் வந்த 'டைகர் மோத்' 130 குதிரைத்திறன் பொறி கொண்டது. இரண்டே பேர் அமரத்தக்கது. இரும்புக் குழாய்களாலும் மரச்சட்டங்களாலும் கட்டி, மேலே துணி போர்த்தி, அத்துணி விறைப்பாக நிற்பதற்கென ஒருவகைப் பூச்சும் பூசியிருப்பர். சக்கரங்களுக்குத் தடை இல்லை. முன்னிருக்கும் சுழல்விசிறியை ஒருவர் கையால் சுற்றிவிட்டால்தான் பொறி உயிர்பெறும்.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் இத்தகைய விமானங்களுக்குப் பகையாவன. ஈரக்காற்றில் மரச்சட்டத்தின் பசை இளகும்; துணி நைந்துபோகும்; கறையானும் விடாது. ஆதலால் குளிர்நாடுகளில் வசதியாகக் கருதப்பட்ட கொட்டகை, இங்கு இன்றியமையாததாயிற்று. கொட்டகையை இழந்த சிறு விமானம், கூரையை இழந்த குடும்பம் போன்றதே.

1936இல் சிங்கப்பூரில் தொண்டர் விமானப்படை ஒன்று அமைக்கப்பெற்றது. 1940இல் அது மலாயாத் தொண்டர் விமானப்படை என்னும் பெயரோடு விரிவுற்றது. கழகங்களுக்கும் தனியாருக்கும் உரியனவாக இருந்த சிறு விமானங்களே அதன் உடைமைகள். அவற்றில் துப்பாக்கி இல்லை, கவசமும் இல்லை. கடிதம் சுமப்பதும், அதிகாரிகளை ஏற்றிச் செல்வதும், காடுகளின்மேல் பறந்து வேவு பார்ப்பதும் அவற்றுக்கு இடப்பெற்ற பணிகள்.

இவை ஏன் இடம்பெயர நேர்ந்தது என்பதை அறிய, ஆங்கில அரசின் பாதுகாப்புத் திட்டத்தை நோக்க வேண்டும். கடற்படைத் தளமாகிய சிங்கப்பூரை விமானங்களைக் கொண்டே காத்துவிடலாம் என்று அவ்வரசு எண்ணியது. பகைவரின் கப்பல்களைத் தொலைவிலேயே தாக்கும் நோக்கத்தால் கோத்தா பாரு, குவாந்தான், அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி போன்ற இடங்களில் விமானத் திடல்கள் அமைக்கப்பட்டன. ஜோகூரில் குளுவாங், காஹாங், பத்து பகாட் ஆகிய இடங்களிலும் திடல்கள் உருவாயின. திடல்கள் ஆயத்தமாயின, ஆனால் விமானங்கள் வந்து சேரவில்லை. 336 விமானங்கள் வேண்டுமென மதிப்பிட்டிருந்தும், போர் மூண்டபோது இருந்தவை 158 மட்டுமே. விமானங்கள் தரைப்படையைக் காக்க வேண்டும் என்பது திட்டம். விமானமில்லாத் திடல்களைத் தரைப்படை காத்து நின்றது என்பதே நடப்பு.

டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அன்றே அவ்வூர்த் திடல் கைவிடப்பட்டது. மறுநாள் குவாந்தானிலிருந்த விமானங்கள் சிங்கப்பூருக்குத் திருப்பப்பட்டன. வடமேற்குத் திடல்களும் அடுத்தடுத்து விழுந்தன. அத்திடல்கள் பலவும் அழிக்கப்படாமலே விடப்பட்டன. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எண்ணெயும் கொட்டகையும் ஓரிரு நாள்களில் ஜப்பானிய விமானங்களுக்குப் பயன்பட்டன.

விமானம் ஒன்றைப் புதிய திடலுக்கு மாற்றுவது எளிய செயல் போலத் தோன்றும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். டைகர் மோத் இரண்டரை மணி நேரத்தில் அத்தொலைவைக் கடந்துவிடும். ஆனால் அதன் கருவிப் பெட்டியும், மாற்றுச் சக்கரமும், எண்ணெய்ப் பீப்பாய்களும், அதனைச் செப்பனிடும் தொழிலாளரும் அதனோடு பறக்கமாட்டார்கள். அவர்கள் இரயிலிலும் லாரியிலும், பின்வாங்கும் படைகளின் நெரிசலில் சிக்கி வந்து சேர வேண்டும். விமானம் முன்னே வந்து, அதன் உயிர்நிலை பின்தங்கிவிட்டால், அது பறக்கும் திறனிருந்தும் பறக்க இயலாததாகும். சிறு விமானங்களுக்கு ஒரு நன்மை உண்டு: புல்தரை ஒன்றே அவற்றுக்குப் போதும். பெரிய விமானங்கள் கேட்கும் உறுதியான ஓடுபாதையை அவை கேட்பதில்லை.

1942 ஜனவரி நடுவில் போர் ஜோகூரின் வாயிலுக்கு வந்தது. கெமாஸிலும் மூவாரிலும் கடும்போர் நடந்தது. பாரிட் சூலோங் பாலத்தருகே ஆஸ்திரேலியரும் இந்தியருமான வீரர்கள் சூழப்பட்டனர். ஜனவரி 22ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து வந்த இரு 'அல்பகோர்' விமானங்கள் அவர்களுக்கு உணவும் மருந்தும் போட்டுச் சென்றன. அவ்வுதவி அவர்களைக் காக்கப் போதவில்லை. நகர இயலாத நிலையில் விட்டுச்செல்லப்பட்ட காயமுற்றோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட கொடுமை, ஜோகூர் வரலாற்றில் மறையாத வடுவாகும். அம்மாத இறுதிக்குள் பத்து பகாட், குளுவாங், காஹாங் திடல்கள் ஜப்பானியர் வசமாயின. ஜனவரி 31ஆம் நாள் ஜோகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது.

சிங்கப்பூரிலும் இளைப்பாற இடமில்லை. அங்கிருந்த நான்கு திடல்களுள் தெங்கா, செம்பவாங், செலேத்தார் ஆகிய மூன்றும் ஜோகூர்க் கரையிலிருந்து சுடும் பீரங்கிகளின் எல்லைக்குள் வந்தன. எஞ்சியது காலாங் ஒன்றே. தொண்டர் விமானப்படையும் கடல்கடந்து சுமத்திராவுக்கும் பின்னர் ஜாவாவுக்கும் சென்றது. மார்ச் மாதத்தில் ஜாவாவும் வீழ்ந்தபின், பெயர்ந்து செல்ல வேறு திடல் இல்லாது போயிற்று.

இதற்கிடையே குளுவாங் திடல் புதிய உரிமையாளரின் கையில் விரைந்து செயற்பட்டது. பிப்ரவரி 14ஆம் நாள் அங்கிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள், 550 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த பலெம்பாங் நகரருகே வான்குடை வீரர்களை இறக்கின. அங்குள்ள எண்ணெய் ஆலைகளும் விமானத் திடலுமே அவர்தம் குறிக்கோள். காக்கும் பொருட்டு அமைத்த திடலே தாக்கும் படிக்கட்டாக மாறிய விந்தை இது.

இங்குச் சிந்திக்கத்தக்க மற்றொன்று உண்டு. விமானங்கள் பெயர்ந்தன, அதிகாரிகளும் பெயர்ந்தனர். பினாங்கில் டிசம்பர் நடுவில் ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டு, ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர் என்பது வரலாறு. குளுவாங்கைச் சூழ்ந்திருந்த பால்மரத் தோட்டங்களிலும் துரைமார் சென்றபின் எஞ்சியவர்கள் நம் தமிழ்ப் பாட்டாளிகளே. அவர்களுக்கு மாற்றுத் திடல் ஏது? சம்பளம் நின்றது, அரிசி அருகியது, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. பின்னர் அவர்களும் இடம்பெயர்க்கப்பட்டனர். நாட்டின் பல தோட்டங்களிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர், 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இரயில் பாதையின் ஓரங்களில் மடிந்தனர். விமானங்கள் எங்கெங்குச் சென்றன என்பதற்குப் பதிவேடு உண்டு. இவர்களுள் எத்தனையோ பேருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

போருக்குப்பின் நாட்டின் வானில் மீண்டும் சிறு விமானங்கள் ஒலித்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், 'ஆஸ்டர்' எனும் துணிபோர்த்த விமானங்கள் குறுகிய புல்தரைகளிலிருந்து எழுந்து காடுகளை வேவு பார்த்தன. 1974இல் செனாய் விமான நிலையம் திறக்கப்பட்டு, ஜோகூரின் பயணியர் போக்குவரத்துக்கு வாயிலாயிற்று. குளுவாங் இன்று மலேசியத் தரைப்படையின் விமானப் பிரிவுக்கு இருப்பிடம். அப்பிரிவு 1995இல் தோன்றியது.

திடல் அங்கேயே இருக்கின்றது. அதன்மேல் பறந்த கொடிகளே மாறின. விமானங்களின் வரலாற்றைக் கற்கும் மாணாக்கர், அவை எழுந்த தரையையும், அத்தரையைச் சூழ்ந்து வாழ்ந்தோரையும் சேர்த்தே கற்றல் வேண்டும். இறக்கையுள்ளவை பெயர்ந்துசென்ற நாளில், இறக்கையில்லாதோர் என்ன ஆயினர் என்று கேட்காத வரலாறு நிறைவுடையதாகாது.