நடந்து பார்த்தால் தெரியும் சார்ல்ஸ்டன்

அமெரிக்கா என்றதும் வானுயர்ந்த கட்டடங்களும் அகலமான சாலைகளும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் காரை ஓரங்கட்டிவிட்டு நடந்தே பார்க்க வேண்டிய பழைய ஊர் ஒன்றும் அங்கே இருக்கிறது. தெற்குக் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன்! 1670ல் ஆங்கிலேயர்கள் உருவாக்கிய துறைமுகக் குடியிருப்பு. ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்கை நீட்டியது போலக் கிடக்கிறது. பழைய கட்டடங்களைக் காக்க 1931லேயே சட்டம் போட்டதால் ஏராளமான வீடுகள் இடிபடாமல் தப்பியிருக்கின்றன.

சரி, வாருங்கள் நடப்போம்.

முதலில் ஈஸ்ட் பே தெரு. இங்கே 'ரெயின்போ ரோ' என்று 13 வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ரோஸ், மஞ்சள், இளம்பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். 18ம் நூற்றாண்டு வணிகர்களின் வீடுகள் இவை. கீழே கடை, மேலே குடும்பம். நம்மூர் கடைவீதி மாதிரியேதான்! இந்த வண்ணங்கள் மட்டும் 1930களில் பூசத் தொடங்கியவை. கேமராவோடு வருகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். வணிகவியல் படிக்கிற எனக்கோ வேறு கேள்வி. இதற்கெல்லாம் முதல் எங்கிருந்து வந்தது?

பதில் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான். அரிசி! ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் கரை கட்டி, மதகு வைத்து, கடல் ஏற்றத்தோடு ஏறி வரும் ஆற்று நீரைப் பாய்ச்சி நெல் விளைவித்தார்கள். அது ஐரோப்பா வரை கப்பலேறியது. சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். வேலை தெரிந்தவர்களும் அவர்களே, வேலை செய்தவர்களும் அவர்களே. லாபம் மட்டும் முதலாளிக்கு!

அதே தெருவில் வடக்கே கொஞ்சம் நடந்தால் 1771ல் கட்டி முடித்த 'ஓல்டு எக்ஸ்சேஞ்ச்' கட்டடம். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு இந்த மாநிலம் 1788ல் ஒப்புதல் தந்தது இங்கேதான். இதே கட்டடத்தின் வெளியே, திறந்த வெளியில், மனிதர்களை ஏலம் விட்டார்கள்.

1856ல் நகராட்சி தெருவில் அடிமைகளை ஏலம் விடத் தடை போட்டது. மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். விற்பனைக்குத் தடை இல்லை, தெருவில் விற்பதற்குத்தான் தடை. ஏலம் அப்படியே கட்டடங்களுக்குள் போனது. அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள, கல் பாவிய சால்மர்ஸ் தெருவில் அப்படி ஓர் ஏலக்கூடம் இன்னமும் நிற்கிறது. 'ஓல்டு ஸ்லேவ் மார்ட்' என்ற பெயரில் இப்போது அருங்காட்சியகம். 1863 வரை அங்கே ஏலம் நடந்தது.

அந்தக் காலக் கணக்குப் புத்தகங்களில் மனிதர்கள் பெயரோடும் விலையோடும் சொத்துப் பட்டியலில் இருப்பார்கள். அவர்களை அடமானம் வைத்துக் கடனும் வாங்கினார்கள். பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் சரியாகத்தான் வரும். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நகராட்சிக்கும் இதில் வருமானம் உண்டு. அடிமையை வெளியே கூலி வேலைக்கு அனுப்பும் முதலாளி, கட்டணம் கட்டி உலோக வில்லை ஒன்று வாங்க வேண்டும். அதில் தொழிலும் எண்ணும் ஆண்டும் பொறித்திருக்கும். உழைப்பது ஒருவர், கூலி இன்னொருவருக்கு, கட்டணம் நகராட்சிக்கு.

கடைசியாக ஆற்றங்கரையில் உள்ள கேட்ஸ்டன் துறைக்குப் போக வேண்டும். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாக வந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 1808ல் அடிமை இறக்குமதிக்குத் தடை வருவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பல கப்பல்கள் இந்தத் துறையில்தான் நின்றன. 2018ல் நகராட்சி மன்றம் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டது. 2023ல் இதே இடத்தில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த மண்ணின் மேல் உட்காராமல், தூண்களின் மேல் உயர்ந்து நிற்கிறது அந்தக் கட்டடம்.

ரெயின்போ ரோவில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள். செலவுப் பக்கமும் இதே ஊரில், நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் உறவினரோ நண்பரோ அந்தப் பக்கம் போனால், கேட்ஸ்டன் துறை வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள்.