எங்கள் வீட்டு இரவுப் புட்டும் அதன் மாவும்



மலருக்குச் சரித்திரம் சம்பந்தமாக ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் சங்கச் செயலாளர் கேட்டபோது, சங்கிலியனைப் பற்றியோ பண்டாரவன்னியனைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். பிளாஸ்ரிக் மூடி வார்க்கிற மெசினுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கிறவன். அரசர்களைப் பற்றி எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, பின்னேர வேலை முடிந்து இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தால் மேசையில் மூடி வைத்திருக்கும் புட்டு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம்.

எழுத ஒரு காரணமும் இருக்கிறது. போன வருசம் சங்க ஒன்றுகூடலில் சமையல் பொறுப்பெடுத்த பெண்கள் கோதுமைமாப் புட்டு அவித்திருந்தார்கள். வயதான ஐயா ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எங்கட சாப்பாடே? வெள்ளைக்காரன்ர மா. எங்கட பெண்டுகள் வெளிநாட்டுக்கு வந்து பஞ்சிப்பட்டுப் போச்சினம்" என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்லிப்போட்டார். அவித்தவர்களில் ஒருத்தி என் மனைவி. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஒரு கந்தோரைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, எண்பது பேருக்குப் புட்டு அவித்தவள். அவள் ஒன்றும் பேசவில்லை. ஐயாவின் வயதுக்கு மரியாதை கொடுத்து நானும் வாய் திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் குத்துகிறது. பிறகு ஊரில் இருக்கும் அம்மாவோடும், 1985ம் ஆண்டு இங்கே வந்த மாமாவோடும் கதைத்து, கிடைத்த புத்தகங்களையும் பார்த்துச் சேர்த்ததைத்தான் கீழே தருகிறேன்.

புட்டு பழையது என்பதில் சந்தேகமில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமந்த கதை எல்லோருக்கும் தெரியும். வைகை பெருகி, வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட, பிட்டு விற்றுச் சீவித்த வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து பிட்டை வாங்கித் தின்றார், வேலை நேரத்தில் படுத்தார், பிரம்படி வாங்கினார். எங்கள் பக்ரறி மைஸ்ரரும் ஏறக்குறைய அந்தப் பாண்டியன்தான், பிரம்பு மட்டும் இல்லை. மதுரையில் இன்றும் ஆவணி மூலத்தில் இது திருவிழாவாக நடக்கிறது.

ஆனால் புட்டு பழையது என்பது வேறு, எந்த மாவில் புட்டு என்பது வேறு.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மாரி மழையை நம்பி வருசத்தில் ஒருமுறைதான் நெல். எங்கள் ஆட்கள் கிணற்றுத் தண்ணியில் புகையிலை வைத்து, திருவிதாங்கூருக்கு அனுப்பிக் காசாக்கினார்கள். அரிசி வெளியில் இருந்து வரவேண்டியிருந்தது. அரிசி காணாத வீடுகளில் குரக்கன், சாமை, வரகு, தினை. 1660ம் ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருசம் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681ம் ஆண்டு வெளிவந்த தன் புத்தகத்தில் குரக்கனைப் பற்றி எழுதியிருக்கிறார். கடுகு போன்ற சின்ன விதை என்றும், அதை மாவாக்கிச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள் என்றும் சொல்கிறார்.

எங்களுக்கு அதோடு பனையும் இருந்தது. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து, அந்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கயர் போக்கி அவிப்பது ஒடியற்புட்டு. மீனோ இறாலோ கலந்து அவித்தால் அதன் ருசியே தனி. இன்றைக்கு இங்கே ஒடியல் மா சின்னப் பக்கற்றில் பொன் விலைக்கு விற்கிறது. அம்மம்மாவின் காலத்தில் அது இல்லாதவன் சாப்பாடு. அரிசிமாப் புட்டு அவர்கள் வீட்டில் நல்ல நாள் பெருநாளில்தானாம்.

அந்த அரிசிமாவுக்கு எவ்வளவு வேலை என்று அம்மா சொல்லக் கேட்டேன். மொட்டைக்கறுப்பன் அரிசியை ஊறப்போட்டு, வடித்து, உரலில் போட்டு உலக்கையால் இடித்து, அரிதட்டில் அரித்து, கப்பியைத் திரும்ப இடித்து, பிறகு தாச்சியில் கருகாமல் வறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தேங்காய் திருவுவதும், குழைப்பதும், கொத்துவதும், நீத்துப்பெட்டியில் அவிப்பதும். அம்மம்மாவின் உள்ளங்கை தோல் போலத் தடித்திருக்குமாம். ஐயா சொல்லுகிற "எங்கட சாப்பாடு" இதுதான் என்றால், அதை இடித்த கைகளையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

கோதுமைமா எங்கள் குசினிக்குள் எப்படி வந்தது என்று இனிப் பார்ப்போம். பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். சம்பலுக்குப் போடுகிற செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததுதான். அதற்கு முதல் உறைப்புக்கு மிளகு. (செத்தல் மிளகாயை ஐயா வெளிநாட்டுச் சாமான் என்று சொன்னதை நான் கேட்கவில்லை.) ஆனாலும் மா வீட்டுக்கு வீடு வந்தது யுத்தத்தால்தான். இலங்கை தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் இறக்கிய நாடு. 1942ம் ஆண்டு மார்ச்சில் யப்பான்காரர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. அந்த வருசமே அரிசிக்குக் கூப்பன் வந்தது. அரிசி காணாத இடத்தை மாவும் பாணும் நிரப்பின.

யுத்தம் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. 1952ம் ஆண்டு றப்பரைக் கொடுத்து அரிசி வாங்கச் சீனாவோடு ஒப்பந்தம் செய்தார்கள். 1953ம் ஆண்டு கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏற்றியபோது, ஓகஸ்ட் 12ம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது.

அடுத்த வருசம், 1954இல், அமெரிக்காவில் தங்கள் மிச்சத் தானியத்தை வெளிநாடுகளுக்கு மலிவாகவும் உதவியாகவும் கொடுக்கிறதற்கு ஒரு சட்டம் வந்தது. பி.எல். 480 என்று அதைச் சொல்வார்கள். அந்த வழியால் பிறகு இலங்கைக்கும் மா வந்தது. அவுஸ்திரேலிய மாவும் வந்ததுதான், ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் "அமெரிக்கன் மா". 1980ம் ஆண்டில் இருந்து திருகோணமலைச் சீனன்குடாவில் சிங்கப்பூர்க் கம்பனியின் பெரிய மாவாலை அரைக்கத் தொடங்கியது. அதோடு நாட்டின் மூலைமுடுக்குக் கடைகளிலும் கோதுமைமா மூட்டை நின்றது.

அம்மாவின் அம்மா ஏன் அந்த மாவுக்கு மாறினா? விலை ஒரு காரணம். இன்னொன்று, அதை இடிக்கத் தேவையில்லை. துணியில் கட்டி அவித்து, சூட்டோடு உடைத்து அரித்தால் சரி. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் தடுத்ததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் வந்தது என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். அந்த வெங்காயத்தை நட்டதும், புல்லுப் பிடுங்கினதும், பிடி கட்டினதும் யார்? அம்மம்மா பொழுதுபடத் தோட்டத்தால் வந்து, குளித்து, அதற்குப் பிறகு ஏழு பேருக்கு இரவுச் சாப்பாடு. உரலுக்கு முன்னால் நிற்க நேரம் எங்கே? அதே 1973, 74இல் உலகச் சந்தையில் கோதுமையும் விலையேறி, மாவும் தட்டுப்பட்டு, பாணுக்கு விடியமுன் வரிசை. அப்போது அம்மம்மா பழையபடி குரக்கனுக்கும் ஒடியலுக்கும் போனா. மரவள்ளிக்கிழங்கும் அவித்தா. பிறகு மா வர, திரும்ப மாவுக்கு வந்தா.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். இடியப்பத்துக்கு மா ஒத்துவர வேண்டும், தோசைக்கு உழுந்து வேண்டும். புட்டுக்கு எந்த மாவும் போதும். மாவைக் கொண்டுவந்ததும் நிறுத்தினதும் ரங்கூனும் வாஷிங்ரனும் கொழும்பும். அன்று வந்த மாவைப் புட்டாக்கியது அடுப்படியில் நின்ற பெண்கள். அதைப் பஞ்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் நினைவில் இருக்கும் முதல் இரவுச் சாப்பாடும் புட்டுத்தான். 1990ம் ஆண்டு யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றறி, சவுக்காரம் என்று ஒரு பட்டியலுக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்த விளக்கு வெளிச்சத்தில் புட்டும் சொதியும். சொதிக்குள் என்ன மிதக்கிறது என்று தெரியாது. 1995ம் ஆண்டு ஒக்டோபர் 30ம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஏழு வயது. நீத்துப்பெட்டி வீட்டிலே நின்றுவிட்டது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து மதிலோரம் மூன்று கல் வைத்து, பானை வாயில் துணியைக் கட்டி, அதன் மேல் அம்மா புட்டு அவித்தா. தேங்காய்ப்பூ இல்லை. சீனி தொட்டுத் தின்றோம்.

2006ம் ஆண்டு ஓகஸ்டில் ஏ9 பாதையை மூடினார்கள். திரும்பவும் கப்பல் வந்தால்தான் மா. குடும்ப அட்டையோடு சங்கக்கடை வரிசையில் நின்றபடிதான் நான் உயர்தரப் பாடக் குறிப்புக்களைப் பாடமாக்கினேன். 2009இல் வன்னியில் வெறும் கஞ்சிக்கே சனம் பட்ட பாட்டை நான் எழுத முடியாது. அதை அனுபவித்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள்தான் எழுத வேண்டும்.

இனி ஜேர்மனிக் கதை. மாமா 1985இல் கிழக்கு பேர்லினில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் வந்தவர். அந்த வழி 1986இல் அடைபட்டது. ஹைமில் ஆறு பெடியள், ஒருவருக்கும் சமைக்கத் தெரியாது. கடையில் கேக்குக்குப் போடுகிற காய்ந்த தேங்காய்த்தூள், ஸ்பகெற்றி வடிக்கிற வடி, ஒரு பானை. வடிக்கு மேல் துணி விரித்துப் புட்டு அவித்தார்களாம். "சாப்பிட்டுப்போட்டு ஆறு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை" என்றார் மாமா.

நான் 2011இல் வந்து முதல் அவித்த புட்டைச் சொன்னால் வெட்கம். இங்கத்தைய 405 மாவை அவிக்காமல் கொதிதண்ணியை ஊற்றிக் குழைத்தேன். சுவரொட்டி ஒட்டுகிற பசைதான் வந்தது. அம்மாவுக்கு ரெலிபோன் எடுக்க, "மாவை முதல் அவிக்கோணும் எண்டுகூடத் தெரியாதே? இத்தினை வருசமா ஆர் அவிச்சதைத் திண்டனி?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. 405 என்பது, 100 கிராம் மாவை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலின் மில்லிகிராம் கணக்கு என்று பின்னர்தான் அறிந்தேன். 1050 மாவில் தவிடு கூட. என் மனைவி இப்போது அதிலும் கொஞ்சம் கலக்கிறாள், நிறம் கிட்டத்தட்டக் குரக்கன் புட்டு.

என்னோடு வேலை செய்கிற ஜேர்மன்காரர் இரவில் குளிர்ந்த பாணும் சீஸும்தான் சாப்பிடுவார்கள். அதற்குப் பெயரே "மாலைப் பாண்". நாங்கள் இரவில்தான் அடுப்பு மூட்டுகிறோம் என்றால் ஆச்சரியப்படுகிறார்கள்.

2022இல் ஊரில் காஸ் இல்லை, மா விலை எங்கேயோ போய்விட்டது. அம்மா விறகடுப்பை மூட்டிக் குரக்கன் புட்டு அவித்து, வீடியோவில் காட்டினா. "உன்ர அம்மம்மாவின்ர புட்டு, பார்" என்று சிரித்தா. காசு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "காசிருக்கு, மாத்தான் இல்லை" என்றா.

இந்த முறை சித்திரை ஒன்றுகூடலுக்கும் புட்டுத்தான். பத்துக் கிலோ மா, பாதி வறுத்த அரிசிமா, பாதி அவித்த கோதுமைமா. கொத்துவதற்கு ஆறு ஆண்கள் தேவை, சுண்டு நாங்கள் தருவோம். காலை ஏழு மணிக்கு மண்டபத்துக்கு வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். என் பெயர் முதலாவது. ஐயாவை நான் நேரில் போய்க் கேட்டேன். முழங்கால் நோவாம். "இருந்து கொத்த ஒரு கதிரை போடுவியோ?" என்று கேட்டார். போடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.