வானொலிப் பெட்டியும் இலங்கையின் நுகர்வு வாழ்வும்

ஒரு பண்டம் ஆடம்பரமா, அத்தியாவசியமா என்னும் வினாவுக்குப் பொருளியல் நூல்கள் வருமானத்தையும் விலையையும் கொண்டு விடை காண முற்படுகின்றன. வரலாறோ அவ்வினாவை வேறொரு நிலையில் நின்று நோக்குகின்றது. ஒரே பண்டம் ஒரு தலைமுறையிற் செல்வத்தின் அடையாளமாகவும், அடுத்த தலைமுறையிற் பொழுதுபோக்குச் சாதனமாகவும், பிறிதொரு காலத்தில் உயிர்காக்கும் கருவியாகவும் மாறக்கூடும். இலங்கை மக்களின் வாழ்வில் வானொலிப் பெட்டி பெற்ற இடம் இதற்குத் தக்க சான்றாகும்.

இலங்கையில் ஒலிபரப்புக்கு வித்திட்டவர், 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர் ஆவார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அமைத்த கருவியின் துணையுடன் அவர் பரீட்சார்த்த ஒலிபரப்புகளை நடத்தினார். 1925 டிசெம்பர் 16இல் கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அக்காலப் பெட்டிகள் வால்வுகளால் இயங்குவன. அவற்றுக்கு மின்னிணைப்போ பாரமான மின்கல அடுக்கோ வேண்டியிருந்தது. ஆகவே அவை நகரங்களின் வசதிபடைத்தோர் இல்லங்களில் மரப்பேழைகளாக வீற்றிருந்தன. ஏனையோர்க்கு வாசிகசாலையும் தேநீர்க் கடையுமே செவிமடுக்கும் இடங்களாயின.

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படைகளுக்காகக் கொழும்பில் இயங்கிய வானொலி நிலையம், போரின் பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலியும் 1950இல் அதன் வர்த்தக சேவையும் உருவாயின. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு இடமளிக்க விரும்பவில்லை. அதனால் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்த நேயர்களும் கொழும்பை நாடினர். பினாக்கா என்னும் பற்பசையின் பெயரைத் தாங்கிய இந்திப் பாடல் நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. தமிழ் வர்த்தக சேவையின் முன்னோடி அறிவிப்பாளரான எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழகத்திலும் பழகிய குரலாயிற்று. இவ்வாறு வானொலி, தானே ஒரு நுகர்வுப் பண்டமாக இருந்ததோடு, ஏனைய பண்டங்களுக்கான ஆசையை வீடுதோறும் கொண்டுசென்ற முகவராகவும் விளங்கியது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிற்றர் இந்நிலையை மாற்றியமைத்தது. வால்வின் இழை சூடேற்றப்படல் வேண்டும். அது தொழிற்படப் பல பத்து வோல்ற்றுகள் தேவை. திரான்சிற்றருக்கோ சில வோல்ற்றுகளே போதும். 1954இல் ரீஜென்சி என்னும் சட்டைப்பை வானொலி அமெரிக்காவில் 49.95 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 1955இல் யப்பானில் சோனியின் முதலாவது திரான்சிற்றர் வானொலி வெளியாயிற்று. காலப்போக்கில் விலை குறைந்த பெட்டிகள் இங்கும் வயல்வெளிக்கும் கடற்கரைக்கும் சென்றன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் இறக்குமதி இலத்திரனியற் சாதனங்கள் கடைகளை நிறைத்தன. 1979இல் தொலைக்காட்சி தோன்றியது. 1982இல் ரூபவாஹினி ஆரம்பமாயிற்று. வானொலி பின்தள்ளப்பட்டுவிட்டது என எண்ண இடமிருந்தது.

அவ்வெண்ணத்தை வடபுலத்தின் வரலாறு பொய்ப்பித்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு உலர்மின்கலங்களும் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. தொலைக்காட்சிப் பெட்டிகள் செயலிழந்து கிடக்க, மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தினர். ஒருவர் மிதிபலகையைக் கையாற் சுழற்ற, தைனமோவின் மின்னில் வானொலி பேசிற்று. சுற்றியிருந்தோர் செய்தி கேட்டனர். சுழற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். தைனமோ தருவது ஏறத்தாழ ஆறு வோல்ற்று ஆடலோட்டம். அதனை இருவாயியினால் நேரோட்டமாக்கினால் திரான்சிற்றருக்குப் போதுமாகும். பழைய வால்வுப் பெட்டியாயின் இது கைகூடியிராது. சட்டைப்பையில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்கென விற்கப்பட்ட நுட்பம், முற்றுகைக்குள் அகப்பட்ட சமூகத்துக்கு வெளியுலகின் ஒரே வாயிலாயிற்று. பி.பி.சி. தமிழோசை கூறிய செய்தியைக் கொண்டு, இருப்பதா இடம்பெயர்வதா எனக் குடும்பங்கள் முடிவுசெய்தன.

இதனை மக்களின் மதிநுட்பம் எனப் புகழ்ந்து அமைவது போதாது. ஒரு சிறு மின்கலத்தை ஆபத்தான பொருளெனப் பட்டியலிட்ட அதிகாரமே அம்மதிநுட்பத்தை வேண்டி நின்றது. பட்டியலிட்டவர் அதிற் படைக்கலத்தைக் கண்டார்; பயன்படுத்தியவர் அதிற் செய்தியைக் கண்டார். பண்டத்தின் பெறுமதி அதன் விலையில் மட்டுமன்றி, அதனை மறுக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதிலும் தங்கியுள்ளது. மற்றுமொன்றும் மனங்கொள்ளத்தக்கது. அவ்வானொலி, கிராமத்துத் திருத்துநர் திறந்து பார்க்கக்கூடிய பெட்டியாக, இரண்டு கம்பிகளை இணைத்தால் உயிர்பெறும் எளிய பொருளாக இருந்தது.

பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நிறைவுற்றது. செய்தி இன்று கைத்தொலைபேசியில் வருகின்றது. ஆயின் 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவியபோது, அத்தொலைபேசியும் மின்னை எதிர்பார்த்தே கிடந்தது. அதன் உட்பாகங்கள் பயன்படுத்துவோரின் கைக்கு எட்டாதவை. அதனை இயங்கவைக்கும் கோபுரங்களும் பிறர் வசத்தில் உள்ளன. வசதி பெருகப் பெருக, அதனைத் தாமே இயக்கும் ஆற்றல் குறைந்து வந்துள்ளது. வீட்டிற்குள் புதிதாக நுழையும் ஒவ்வொரு கருவியையும் குறித்து, அது என்ன தருகின்றது என்பதோடு, மின்னும் வழியும் அடைபட்ட நாளில் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்றும் கேட்கவேண்டியுள்ளது. தலைகீழாக நின்ற அத்துவிச்சக்கரவண்டிகள் விட்டுச்சென்ற வினா அதுவே.